ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறக்கும் முன்: என்ன பயிற்சி, யாருக்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஆத்தூர் பக்கம் உங்கள் மாமா ஜவ்வரிசி ஆலை நடத்துகிறார். அரவை நின்றதும் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து அடியில் படிந்த சகதியை எடுக்க வேண்டும். பதினைந்தடி ஆழம், மேலே கான்கிரீட் மூடி, இரண்டு மேன்ஹோல். ஆறு பேருக்கு இரண்டு மணி நேர வகுப்பு, கையோடு சான்றிதழ் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது போதுமா, வேறு என்ன சொல்லித்தர வேண்டும்?

போதாது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் இந்தப் பயிற்சியைப் பல வருடங்களாகக் கொடுத்துவருகிறேன். நேரம் குறைவு என்பது சின்ன விஷயம். உட்கார வைத்துப் படம் காட்டும் வகுப்புகளில் பெரும்பாலும் உள்ளே இறங்குகிறவருக்கு மட்டும்தான் பாடம் நடக்கிறது. ஆனால் ஒரு விபத்தில் ஒருவர் மயங்கியதோடு நிற்குமா, நான்கு பேர் போவார்களா என்பது மேலே நிற்கிறவர் கையில் இருக்கிறது. அவருக்கும், "இறங்குப்பா" என்று சொல்லும் அதிகாரம் உள்ள உங்கள் மாமாவுக்கும்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ஆள் இறங்கியே ஆக வேண்டுமா? பதினைந்தடி என்றால் சுமார் 4.5 மீட்டர். அந்த ஆழத்திலிருந்து கழிவுநீர் லாரியின் வேக்குவம் பம்ப் தாராளமாக இழுக்கும். சகதி கெட்டியாக இருந்தால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி, சகதி பம்ப் போட்டு எடுக்கலாம். முதல் நாள் பயிற்சியில் இதைத்தான் பேச வைப்பேன்: இந்த வேலையை வெளியே நின்றபடி முடிக்க என்னென்ன வழி? ஆட்களே நல்ல யோசனை சொல்வார்கள். இறங்காமல் முடியும் என்றால் மீதி எதுவும் தேவையில்லை.

ஆலையின் கழிப்பறை செப்டிக் டேங்க் இந்தப் பேச்சுக்குள்ளேயே வராது. அதில் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. லாரியைக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, பம்ப் போட்டும் மூலையில் சகதி நிற்கிறது, சுவரில் விரிசல் பார்க்க வேண்டும், இறங்காமல் முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

மரவள்ளிக் கழிவுநீரில் மாவுச்சத்தும், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியின் துகளும் ஏராளம். மூடிய தொட்டியில் காற்று இல்லாமல் அது புளித்து அழுகும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் உருவாகின்றன. மீத்தேன் காற்றைவிட லேசு, மூடிக்கு அடியில் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியில் படுக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் காற்றைவிடக் கனம். இவை காற்றை வெளியேற்றிய இடத்தில் ஆக்சிஜன் இருக்காது.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவைத் தொடும்போது மூக்கு மரத்துப்போகிறது. "முதல்ல நாறுச்சு, இப்ப இல்ல, காத்து வந்துருச்சு" என்று நினைத்து ஆள் இன்னும் ஒரு படி இறங்குவார். நாற்றம் போன அந்த நிமிடம்தான் மோசமான நிமிடம். 500, 700 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே ஆள் சாய்வார். 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் விழுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. நம் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்திருந்த அளவு 10 பிபிஎம்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காலையில் அளந்து பார்க்கும்போது வாயு மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். வாயு சகதிக்குள் குமிழியாக அடைபட்டுக் கிடப்பதால்தான் அந்தப் பூஜ்ஜியம். ஆள் இறங்கி மண்வெட்டியைப் போட்டதும் குலுக்கித் திறந்த கோலி சோடாவைப் போல எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். அதனால் "இறங்கும் முன் அளந்தோம்" என்பது பாதி வேலை. உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் மீட்டர் ஆளின் மார்பில், மூக்குக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். எத்தனையோ வகுப்புகளில் இந்த ஒரு வாக்கியம் விட்டுப்போகிறது.

மரவள்ளிக்கென்றே ஒன்று உண்டு. கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் இருக்கிறது, அரைக்கும்போது அது பிரிந்து ஹைட்ரஜன் சயனைடாகிறது. பெரும்பாலான இடங்களில் வைத்திருக்கும் நான்கு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரிவாயு (மீத்தேன் போன்றவை), ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அளக்கும். சயனைடை அளக்காது. ஆகவே உங்கள் ஆலைக்கு அதற்கான சென்சாரும் சேர்த்துக் கேளுங்கள். பயிற்சி தர வருகிறவரிடம் "எங்கள் தொட்டியில் என்னென்ன வாயு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். சயனைடு பேச்சையே எடுக்காவிட்டால் அவர் எல்லா ஊருக்கும் ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்.

கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அணைந்தால் இறங்கக் கூடாது என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால் சுடர் அணையும். ஆனால் சுடர் எரிகிறது என்பதால் இறங்கலாம் என்று ஆகாது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்போதும் விளக்கு நிம்மதியாக எரியும். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே தொட்டியை வெடிக்கவைக்கும். கழிவுநீர்த் தொட்டி வாயில் தீக்குச்சி கூடாது, பீடி கூடாது, செல்போன் டார்ச்சும் வேண்டாம். பெரியவர்கள் யாராவது விளக்கு முறையைச் சொன்னால் மரியாதையோடு காரணத்தை விளக்கி நிறுத்த வேண்டும். இதுவும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

மீட்டரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பழக்க வேண்டும், சுவரில் படம் காட்டினால் வராது. சுத்தமான காற்றில் ஆன் செய்து ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். அன்றைய வேலைக்கு முன் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று சரிபார்க்கிறோம். பிறகு மேன்ஹோலை முழுக்கத் திறக்காமல், காற்று வரும் பக்கம் நின்று, குழாயை உள்ளே விட்டு மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்கிறோம். தலையைக் குனிந்து உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது. குழாய் நீளமாக இருந்தால் காற்று மீட்டருக்கு வந்துசேர நேரமாகும், ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருக்க வேண்டும். முதலில் ஆக்சிஜனைப் பார்க்கிறோம், ஏனென்றால் எரிவாயு சென்சாரில் பலவும் ஆக்சிஜன் இல்லாவிட்டால் தவறான அளவைக் காட்டும். ஆக்சிஜன் 19.5க்கும் 23.5க்கும் இடையில், எரிவாயு வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்கும் கீழ், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்கும் கீழ். இந்த மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் யாரும் இறங்குவதில்லை. அப்போது "மாஸ்க் போட்டுக்கிட்டு சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். வடிகட்டி மாஸ்க் ஆக்சிஜனை உற்பத்தி செய்யாது, துணி மாஸ்க்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். உள்ளே காற்றை ஊதும் ப்ளோயரை ஓடவிட்டுக் காத்திருந்து, மறுபடியும் அளக்க வேண்டும்.

ப்ளோயர் என்றதும் மூடியின் மேல் மின்விசிறியை வைத்து ஊதும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்று வாயிலேயே சுற்றித் திரும்பிவிடும். நீண்ட குழாயைப் போட்டு அடி வரை காற்றை இறக்கி, மற்ற மேன்ஹோல் வழியாக வெளியேற விட வேண்டும். உங்கள் தொட்டியில் இரண்டு வாய் இருப்பது நல்லது. ப்ளோயர் காற்றை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை இருக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடவே கூடாது, ஆக்சிஜன் கூடினால் போட்டிருக்கும் துணியே குப்பென்று பற்றும்.

இனி மேலே நிற்பவருக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. நம் ஊர்ச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. அண்ணன் மயங்குகிறார், தம்பி குதிக்கிறார், பக்கத்தில் இருந்தவர் மூன்றாவதாக இறங்குகிறார். முட்டாள்தனம் காரணமில்லை, பாசம்தான் காரணம். கூடப் பிறந்தவனோ கூட வேலை செய்பவனோ கண் முன்னால் சரியும்போது கால் தானாக இறங்கும். அந்தக் காலைப் பிடித்து நிறுத்தும் பழக்கத்தை இரண்டு மணி நேரப் பேச்சால் தர முடியாது, ஒத்திகை பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

நான் செய்வது இப்படி. மேன்ஹோலுக்கு மேல் மூன்று கால் ட்ரைபாட், அதில் கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச். இறங்குபவருக்கு உடல் முழுவதும் பிடிக்கும் ஹார்னஸ் என்ற வார்க்கட்டு, கயிறு மேலே வின்ச்சோடு பூட்டியபடியே இருக்கும். இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டு மயங்கியவரைத் தூக்கினால் உடல் இரண்டாக மடிந்து வாயில் சிக்கிக்கொள்ளும், நேராக வராது. முதலில் சுமார் 70 கிலோ மணல் மூட்டையை ஹார்னஸில் கட்டித் தூக்கச் சொல்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிறகுதான் வின்ச்சின் அருமை புரிகிறது. பிறகு சுத்தமான, காற்றோட்டமுள்ள காலித் தொட்டியில் ஆளை இறக்கி, முன்னறிவிப்பு இல்லாமல் அவரைப் பதில் சொல்லாமல் இருக்கச் சொல்கிறேன். மேலே நிற்பவர் கூப்பிடுகிறார், பதிலில்லை. உடனே கத்தி உதவி கேட்க வேண்டும், வின்ச்சைச் சுற்ற வேண்டும், கால் வாய்க்குள் போகக் கூடாது. முதல் முறை யாராவது ஒருவர் ஏணியில் கால் வைத்துவிடுவார். அங்கேயே நிறுத்தி, "நீங்களும் போய்விட்டீர்கள், இனி மேலே யார்?" என்று கேட்பேன். மறுபடியும் செய்கிறோம். கை தானாக வின்ச்சுக்குப் போகும் வரை செய்கிறோம்.

அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. டீ வாங்க அனுப்புவது, பம்ப்பைப் பார்க்கச் சொல்வது, இரண்டு தொட்டிக்கு ஒரே ஆள் என்று விடுவது, மூன்றும் கூடாது. உள்ளே எத்தனை பேர், யார் யார், எப்போது இறங்கினார்கள் என்பது அவர் கையில் எழுதியிருக்க வேண்டும். மீட்டர் அலாரம் அடித்தாலோ, பேச்சு குழறினாலோ, தனக்கே சரியில்லை என்று பட்டாலோ வெளியே வரச் சொல்லும் அதிகாரம் அவருக்கு. முதலாளி பக்கத்தில் நின்றாலும் அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. இதை உங்கள் மாமா எல்லோர் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கூலி ஆள் ஒருவர் முதலாளி முன் "ஏறி வா" என்று சொல்லத் துணிய மாட்டார். மாமாவுக்கான பாடத்தில் இன்னொன்று, உள்ளே விழுந்த ஸ்பேனரை எடுக்க "ஒரு நிமிஷம்தானே" என்று சொல்லக் கூடாது. ஆக்சிஜன் 6 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஆள் சாய ஒரு நிமிடம் தேவையே இல்லை.

108ஐக் கூப்பிட வேண்டும்தான், தீயணைப்புத் துறையையும் கூப்பிட வேண்டும். ஆனால் மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் சேதமாகத் தொடங்குகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன். பழத்தோல் அழுகும் குழியும் புளிக்கவிடும் தொட்டியும் அங்கேயும் உண்டு. சேலத்திலிருந்து வண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர வேண்டும். சமவெளியில் ஆத்தூரிலும் அந்த நிமிடங்களுக்குள் வண்டி வந்துவிடும் என்று நம்பி ஆளை இறக்க முடியாது. வெளியே எடுக்கும் வசதி தொட்டி வாயிலேயே, கயிறு பூட்டியபடி இருந்தால்தான் உண்டு. எடுத்த பிறகு மார்பை அழுத்தும் முதலுதவியை எல்லோரும் பழக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு, சயனைடு தாக்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், கையால் அழுத்திக் காற்றூதும் பையையும் அதற்கான முகமூடியையும் முதலுதவிப் பெட்டியில் வையுங்கள்.

காற்றைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்குள் வரும் எல்லாக் குழாய்களின் வால்வையும் மூடிப் பூட்டி, சாவி இறங்குபவரின் பையில் இருக்க வேண்டும். பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். பயோகேஸ் குழாய் இணைந்திருந்தால் வால்வை மட்டும் நம்பாமல் கழற்றித் தட்டு போட்டு அடையுங்கள். உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, தீப்பொறி வராத வகையாகவும் இருக்க வேண்டும். பெட்ரோல், டீசல் இன்ஜினைத் தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ இறக்கி ஓட்டக் கூடாது, அதன் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் கான்கிரீட் தொட்டி கொதிக்கும், ஆட்களை மாற்றி மாற்றி இறக்குங்கள்.

காகித வேலையும் உண்டு, அது வெறும் சம்பிரதாயம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 36ஆம் பிரிவில் இதை எழுதிவைத்தது. தகுதியுள்ளவர் ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும், கயிற்றில் கட்டிய பெல்ட்டும் இருந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 24 வோல்ட் கணக்கும் அதை ஒட்டிய 36ஏ பிரிவில் வந்ததுதான். இப்போது ஆலைகளில் பர்மிட் என்று சொல்லும் தாள் அதன் விரிவு. தேதி, நேரம், மூன்று மட்ட அளவுகள், பூட்டிய வால்வுகள், உள்ளே இருப்பவர், மேலே இருப்பவர், கையெழுத்து. அன்றைக்கு மட்டும்தான் அது செல்லும். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மறுபடி அளந்து எழுத வேண்டும். நடுவில் ஒரு மணி நேரம் ப்ளோயர் நின்றிருந்தால் காலை அளவுக்கு மதிப்பே இல்லை.

இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்கிற உறவினர்கள் உங்களுக்கு இருக்கலாம், சேலத்தில் யாருக்குத்தான் இல்லை. அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாற்றமே இல்லாத, காலியான, சுத்தமான இரும்புத் தொட்டி பல மாதம் மூடிக் கிடந்தால், துருப்பிடிப்பதே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஸ்டீல் குழாய் வெல்டிங்கில் உள்ளே நிரப்பும் ஆர்கான் காற்றைவிடக் கனம், நிறமும் வாசனையும் இல்லை, குழிவில் தங்கும். அங்கேயும் மீட்டர்தான் சொல்லும், மூக்கு சொல்லாது.

உங்கள் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். என் கணக்கில் உங்கள் ஆறு பேருக்கும் மாமாவுக்கும் சேர்த்து இரண்டு முழு நாள் வேண்டும். முதல் நாள் வாயு, மீட்டர், பர்மிட். இரண்டாம் நாள் முழுக்கத் தொட்டி வாயில் ட்ரைபாட்டோடு ஒத்திகை. பயிற்சி உங்கள் ஆலையில், உங்கள் தொட்டியின் மேன்ஹோல் அளவுக்கு நடக்க வேண்டும். சுவாசக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த வாயில் நுழைய முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். முடியாவிட்டால் வாயைப் பெரிதாக்குவதுதான் முதல் வேலை. வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் நடத்தி, அவர்களையே திருப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தாலும் விதிவிலக்கில்லை, "அவங்க பார்த்துக்குவாங்க" என்று விடும் இடத்தில்தான் நிறைய உயிர் போகிறது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகையைத் திரும்பச் செய்ய வேண்டும். இடையில் புது ஆள் சேர்ந்தால் பயிற்சி முடியும்வரை அவர் அந்த வாய்ப் பக்கம் போகக் கூடாது.

கருவிச் செலவு ஒரு ஆலைக்கு அதிகம் என்றால் பக்கத்து ஆலைகள் நான்கைந்து சேர்ந்து ஒரு ட்ரைபாட், ப்ளோயர், மீட்டர் என்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் மூலம் ஒன்றாக விற்கப் பழகிய ஆலைக்காரர்களுக்கு இது புதிய யோசனை இல்லை. மீட்டரை மட்டும் சோதனைத் தேதி பார்த்து வாங்குங்கள், அதன் சென்சார்களுக்கு ஆயுள் உண்டு. பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்திலோ, மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அந்த இரண்டு மணி நேரக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வரும்போது ட்ரைபாட், மீட்டர் கொண்டுவருவாரா? ஒத்திகையில் தவறியவருக்குச் சான்றிதழ் தராமல் நிறுத்துவாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நேரத்தை நீட்டச் சொல்லி அவரையே வைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் இந்த முறை லாரியும் பம்ப்பும் போதும் என்று மாமாவிடம் சொல்லி, மேன்ஹோல் மூடி இரண்டுக்கும் பூட்டு போட்டுவிடுங்கள்.